பென்னிகுயிக்குக்குப் பொங்கல், பிரிட்டனிடம் கணக்கு

"காலனி ஆட்சி நடத்திய நாடுகள் இழப்பீடு தர வேண்டும் என்கிறார்கள். தை பிறந்தால் பென்னிகுயிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் எந்த முகத்தோடு பிரிட்டனிடம் அதைக் கேட்பது? அப்படியே தந்தாலும் யாருக்கு, எவ்வளவு?" என்று மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் பொருளாதார வரலாறு நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கடன் இருக்கிறது என்பதுதான் என் முடிவு. ஆனால் இணையத்தில் சுற்றுகிற '45 லட்சம் கோடி டாலர்' மாதிரி ஒரே பெரிய தொகையாக அதைக் கேட்பதுதான் இருப்பதிலேயே பலவீனமான வழி. தேதியோடும் கையெழுத்தோடும் ஏட்டில் பதிவான சின்னக் கணக்குகளைத்தான் தட்டிக்கழிக்க முடியாது. அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. மதுரையைச் சுற்றியே சில இருக்கின்றன.

முதலில் பென்னிகுயிக் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை. கூடலூரிலும் கம்பத்திலும் ஜனவரி 15 அன்று வைக்கிற பொங்கலில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்காவிட்டால், வைகையை மட்டும் நம்பி மேலூர்ப் பக்கம் இவ்வளவு நெல் விளைந்திருக்காது. அந்த இன்ஜினியர் திறமைசாலி, பிடிவாதக்காரர். ஆனால் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அவர் அணையை முடித்தார் என்று சொல்லப்படுகிற கதைக்கு ஆவண ஆதாரம் இல்லை. கட்டியது சென்னை மாகாண அரசு. பணம் அரசுப் பணம். அது யாரிடம் வசூலானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வந்த பிறகு பாசன நிலத்துக்குத் தண்ணீர்த் தீர்வையும் போட்டார்கள். காட்டுக்குள் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த நூற்றுக்கணக்கான கூலியாட்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. மேற்கே போகிற அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுயிக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தது. 1789 வாக்கில் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து, செலவு தாங்காது என்று கைவிட்டார். அவருடைய மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பெனி 1795-இல் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தது. கப்பப் பாக்கி, வணிக உரிமை என்று தகராறு. திரும்பி வராமலே 1809-இல் சென்னையில் இறந்தார். கும்பெனி வராதிருந்தால் சேதுபதிகள் அணை கட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்ல வழியில்லை. அதே மாதிரி, வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்கு ஒன்றுமே வந்திருக்காது என்று சொல்லவும் வழியில்லை.

தனி ஆளின் நல்ல குணம் வேறு, அரசின் வரவு செலவு வேறு. ரவுஸ் பீட்டர் என்ற கலெக்டர் மீனாட்சிக்குத் தங்க அங்கவடி (குதிரையேறக் கால் வைக்கும் வளையம்) செய்து கொடுத்தார். ஊர் அவரைப் 'பீட்டர் பாண்டியன்' என்று கொண்டாடியது. கொண்டாடட்டும். அங்கவடி செய்யச் செலவழித்த அவர் சம்பளமும் இதே மாவட்டத்துத் தீர்வையிலிருந்துதான் போனது.

சரி, சுரண்டல் என்கிறோமே, அது எப்படித்தான் நடந்தது? வண்டி வண்டியாகத் தங்கத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற படம் பலர் மனதில் இருக்கிறது. கிளைவ் காலத்து வங்காளத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நடந்தது அதைவிட நாசூக்கானது. விருதுநகர், கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்சாரி பருத்தியை விற்கிறார். அது தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. வாங்குகிற இங்கிலாந்து வியாபாரி அதற்குண்டான பவுண்டை இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் (இந்தியாவைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சரின்) அலுவலகத்தில் அதைக் கட்டி 'கவுன்சில் பில்' என்ற ஒரு சீட்டை வாங்குகிறார். அந்தச் சீட்டு இங்கே வருகிறது. இங்கே அரசுக் கஜானாவில் அதைக் கொடுத்தால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாய்தான் கை மாறி மாறிக் கடைசியில் சம்சாரியிடம் வந்து சேர்கிறது.

கஜானாவில் அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? அதே சம்சாரி கட்டிய நிலத்தீர்வையிலிருந்து. அவருக்குப் பருத்திக்கு விலை கிடைத்தது போலத்தான் இருக்கும். உண்மையில் அவர் கட்டிய வரியில் ஒரு பங்குதான் அவருக்கு விலையாகத் திரும்பி வந்தது. பருத்தி கப்பலில் போயிற்று. பவுண்டு லண்டனிலேயே தங்கிவிட்டது. வருஷா வருஷம் இறக்குமதியைவிட ஏற்றுமதி அதிகமாக இருந்த நாடு பணக்கார நாடாக ஆகாததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். தாதாபாய் நௌரோஜி வாழ்நாளெல்லாம் எழுதிக் காட்டியது இந்த வடிகாலைத்தான்.

லண்டனில் தங்கிய பவுண்டு எதற்குப் போனது? கடன் வட்டி, ரயில் கம்பெனிகளுக்கு உத்தரவாதம் தந்த 5 சதவீத லாபம், ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பென்ஷன், ராணுவச் செலவு. 1900-ஐ ஒட்டி இது ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு. இந்தியா மந்திரியின் சம்பளமே 1919 சட்டம் வரும்வரை நம் வருவாயிலிருந்துதான் போனது. 1867-இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது வைத்த நடன விருந்தின் செலவைக்கூட இந்தியக் கணக்கில் எழுதினார்கள். இவ்வளவு சில்லறைத்தனமா என்று வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள்.

இப்போது அந்த 45 லட்சம் கோடிக்கு வருவோம். பொருளாதார அறிஞர் உத்ஸா பட்நாயக் 1765 முதல் 1938 வரையிலான ஏற்றுமதி உபரியை எடுத்துக்கொண்டு, 5 சதவீத வட்டியை நம் காலம் வரைக்கும் ஏற்றிக் கணக்குப் போட்டார். அடிப்படைத் தர்க்கம் நான் மேலே சொன்னதுதான். அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் தொகையை இவ்வளவு பெரிதாக்கியது கூட்டு வட்டி. வட்டிக் கணக்கை மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: 5 சதவீதம் என்றால் பதினாலு, பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அசல் இரட்டிக்கும். 200 வருஷத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டியை 3 சதவீதமாக மாற்றினால் தொகை படுத்துவிடும். அதனால் எதிர்த் தரப்பு வக்கீல் அசலைத் தொடவே மாட்டார். வட்டியைப் பிடித்துக்கொண்டு விவாதத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார்.

1700-இல் உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு 24 சதவீதம், 1950-இல் 4 சதவீதம் என்ற பொருளாதார வரலாற்றாளர் மாடிசனின் கணக்கையும் இப்படித்தான் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் இயந்திரத்தால் வளர்ந்ததாலேயே நம் பங்கு பாதி சுருங்கிப் போயிருக்கும். அந்த வீழ்ச்சி முழுவதையும் கொள்ளை என்று எழுதினால் அது கணக்காகாது.

ஏட்டில் இருப்பதைப் பேசுவோம். கிழக்கிந்தியக் கும்பெனியின் வியாபாரத்தை 1833-இல் நாடாளுமன்றம் நிறுத்தியது. கும்பெனியின் பங்குதாரர்களுக்கு நஷ்டம் வரக்கூடாதே! ஆண்டுக்கு 10½ சதவீத லாபப் பங்கு, அதாவது 6,30,000 பவுண்டு, இந்திய வருவாயிலிருந்து தரப்பட்டது. 1874-இல் அந்தப் பங்குகளை 100 பவுண்டுக்கு 200 பவுண்டு வீதம் கொடுத்துத் தீர்த்தார்கள். ஒரு நாட்டைப் பிடித்த கம்பெனிக்கு, பிடிக்கப்பட்ட நாடே விலை கொடுத்தது. இதில் வட்டி விகிதத்தைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இங்கே சரக்கும் சேவையும் வாங்கி, "பிறகு தருகிறோம்" என்று லண்டனில் கணக்கு எழுதி வைத்தது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அடித்தார்கள், விலைவாசி ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததற்கு அந்த விலையேற்றம் ஒரு காரணம். 1947-இல் பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி 100 கோடி பவுண்டுக்கும் மேல். அந்தப் பாக்கியைத் திருப்பித் தருகிற பேச்சில் 1948-இல் என்ன நடந்தது தெரியுமா? பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய எதிர்காலப் பென்ஷனுக்காக மத்திய, மாகாண அரசுகள் சார்பில் சுமார் 16 கோடியே 80 லட்சம் பவுண்டு அதிலிருந்து கழிக்கப்பட்டது. விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு இன்னொரு 10 கோடி. சுதந்திரம் வாங்கிய நாடு தன்னை ஆண்டவர்களின் ஓய்வூதியத்தை மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கியது. இழப்பீடு என்ற பேச்சை எடுத்தாலே சிரிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இழப்பீடு ஏற்கனவே கொடுக்கப்பட்டிருக்கிறது, கொடுத்தது நாம்.

நாம் மட்டுமல்ல. அடிமைமுறையை 1833-இல் ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அடைபட்டது 2015-இல். ஹைத்தி மக்கள் விடுதலை பெற்றதற்காக 1825-இல் பிரான்ஸ் அவர்களிடம் 15 கோடி பிராங்கு கேட்டது. பிறகு 9 கோடியாகக் குறைத்தது. அதற்காக வாங்கிய கடனெல்லாம் தீர 1947 ஆயிற்று. 1949-இல் இந்தோனேசியாவை விட்டுப் போகும்போது டச்சுக்காரர்கள் சுமார் 450 கோடி கில்டர் கடனைப் புது நாட்டின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

"அப்படியானால் மாலிக் கபூர் 1311-இல் மதுரையைச் சூறையாடினானே, அதற்கு யாரிடம் கேட்பது? ராஜேந்திர சோழன் ஈழத்தில் எடுத்ததை நாம் திருப்பித் தருவோமா?" இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். பதில் கஜானாவில் இருக்கிறது. டில்லி சுல்தானின் கஜானா இன்று யாரிடமும் இல்லை. சோழன் வாங்கிய கடனை யாரும் அடைப்பதில்லை. பிரிட்டிஷ் அரசு அப்படி இல்லை. அதே நாடாளுமன்றம், அதே கருவூலம், 1830-களில் வாங்கிய கடனை 2015-இல் அடைக்கிற அளவுக்கு அறுபடாத தொடர்ச்சி. கொடுக்க வேண்டிய கடனுக்குத் தொடர்ச்சி உண்டு, கேட்க வேண்டிய கடனுக்கு மட்டும் 'அதெல்லாம் பழைய கதை' என்றால் எப்படி?

சட்டப்படி அவர்கள் கை ஓங்கியிருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஒரு செயல் நடந்த காலத்துச் சட்டப்படி அது குற்றமாக இருந்ததா என்றுதான் சர்வதேசச் சட்டம் பார்க்கும். நாடு பிடிப்பது அப்போது குற்றமில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் அவர்களே. அதனால் மொத்தக் காலனி ஆட்சிக்கும் ஒரு வழக்கு என்றால் நிற்காது. நின்ற வழக்குகள் வேறு மாதிரியானவை. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியின்போது முகாம்களில் சித்திரவதைப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெளியுறவுத் துறை ஹான்ஸ்லோப் பார்க்கில் பதுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான கோப்புகள் அந்த வழக்கால்தான் வெளியே வந்தன. 2013-இல் 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தோனேசியாவின் ராவாகடே கிராமத்தில் 1947-இல் நடந்த படுகொலைக்கு, 2011-இல் நெதர்லாந்து நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, உயிரோடிருந்த விதவைகளுக்குத் தலைக்கு 20,000 யூரோ கிடைத்தது. ஊர் பெயர், ஆள் பெயர், கோப்பு, தேதி: இவை இருந்த இடத்தில் வழக்கு நின்றது.

அப்படிப் பார்த்தால் நம்மிடம் என்ன இருக்கிறது? தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. 1876-78. சென்னை மாகாணம் காய்ந்து கிடந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் வைசிராய் லிட்டன் பிரபு விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்தினார். மழை பொய்த்தது யார் குற்றமும் இல்லை. ஆனால் நிவாரண வேலைக்குப் போனவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தது, பஞ்சத்தைப் பார்க்க மத்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். இது ஆளைக் கொல்லும் என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். அந்த எதிர்ப்பும் ஏட்டில் இருக்கிறது. இதே டெம்பிள் 1874-இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதிகம் செலவழித்துவிட்டார் என்று திட்டு வாங்கியவர். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்தே இந்த முறை கையைக் கட்டினார்கள். அந்த வருஷங்களில் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை. பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது அவர்களுடைய பஞ்சக் கமிஷன் கணக்கு.

மதுரையில் அப்போது குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் நகை நட்டை விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று இன்றும் சொல்வார்கள். ரயில் அதற்குள் மதுரைக்கு வந்துவிட்டது. ரயில் கொடுத்தார்களே என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த ரயில் தானியத்தை விலை அதிகமுள்ள இடத்துக்குக் கொண்டுபோனது, பசி அதிகமுள்ள இடத்துக்கு அல்ல.

அடுத்தது பெருங்காமநல்லூர். 1871-இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்கள் மொத்தமாகப் பட்டியலில் ஏறினார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவரும் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்திலும் சந்தைக்குப் போகும் நேரத்திலும் ஒருவனை ஆஜர் சொல்ல வைத்தால் அவன் பிழைப்பு என்ன ஆகும்? பொருளாதாரச் சேதம் என்று நான் சொல்வது இதையும்தான். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த ஊரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சட்டம் 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் நீங்கியது. கென்யக் கிழவர்களிடம் இருந்ததும் இங்கே இருப்பதும் ஒரே வகை ஆதாரம்தான். ஒரு பெரிய வித்தியாசம், அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இங்கேதான் நண்பரின் 'யாருக்கு' என்ற கேள்வி கடிக்கிறது. நாளைக்கே பிரிட்டன் ஒரு தொகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது டில்லிக்குப் போகும். பெருங்காமநல்லூருக்கு அதில் ஒரு ரூபாய் வருமா? அந்தச் சட்டம் போன அடுத்த வருஷமே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் என்று வேறு பெயரில் சட்டம் போட்டது நம் அரசு. அந்தப் பழைய பட்டியலில் இருந்த சாதிகளுக்கான சீர்மரபினர் சான்றிதழில் 'பழங்குடி' என்பதை 1979-இல் 'சமூகம்' என்று மாற்றி, அதைத் திரும்பப் பெற அந்த மக்களை வருஷக்கணக்கில் அலையவிட்டதும் நம் அரசுதான். தூத்துக்குடிப் பருத்தியில் கமிஷன் அடித்தவர்களிலும், பஞ்சத்தில் தானியத்தைப் பூட்டி வைத்தவர்களிலும், 1803-இல் பட்டா வாங்கிய ஜமீன்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

மலையகத் தமிழர் கதை இன்னும் மோசம். மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்கள், மண்டபம் முகாமில் மருந்தடித்து, நாள்கணக்கில் தங்க வைத்து, இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். தேயிலை லாபம் லண்டன் கம்பெனிகளுக்குப் போனது. 1948-இல் புது இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிரிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. இவர்களுக்கான இழப்பீட்டை எந்த நாடு எந்த நாட்டிடம் வாங்கும்? நமீபியாவிலும் இதே சிக்கல்தான். 2021-இல் ஜெர்மனி, தன் காலனி ஆட்சியில் அங்கே நடந்த இனப்படுகொலையை ஒப்புக்கொண்டு 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. இழப்பீடு என்று சொல்லாமல் வளர்ச்சி உதவி என்றது. ஹெரெரோ, நாமா மக்களின் பிரதிநிதிகள் பலர், எங்களை வைத்துப் பேசவே இல்லையே என்று அதை ஏற்க மறுத்தார்கள்.

அதனால் நான் கேட்பது மொத்தத் தொகையை அல்ல. 1874, 1948 மாதிரியான குறிப்பிட்ட கணக்குகளை அவர்கள் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். பஞ்ச நிவாரணக் கோப்புகளும் குற்றப் பரம்பரைப் பதிவேடுகளும் லண்டனில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் இலவசமாக, தேடிப் படிக்கிற மாதிரி இங்கே வர வேண்டும். அந்த வேலைக்கான செலவு அவர்களுடையது. பணம் என்று வந்தால், அரசுக்கு அரசு கொடுக்காமல், சேதப்பட்ட சமூகங்கள் உட்கார்ந்து முடிவு செய்கிற நிதியாக அது வர வேண்டும். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சசி தரூர் கேட்ட 'வருஷத்துக்கு ஒரு பவுண்டு' கைதட்டலுக்கு நல்லது. எனக்கு அது போதாது. கோப்பு வேண்டும்.

கிடைக்குமா என்றால், இந்தியா கேட்டால்தானே கிடைக்கும். கேட்டுக்கொண்டிருப்பது கரீபிய நாடுகள்தான். 2014-இலேயே பத்து அம்சக் கோரிக்கை வைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் சமோவாவில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில், பிரிட்டனுக்கு இஷ்டமில்லாதபோதும், இழப்பீட்டு நீதி பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது என்ற வரியைத் தீர்மானத்தில் ஏற்றினார்கள். அடுத்த மாநாடு 2026-இல் ஆன்டிகுவாவில், அவர்கள் மண்ணிலேயே என்று முடிவாகியிருக்கிறது. 1948-இல் பென்ஷன் கட்டிய நாடு அந்த மேஜையில் யார் பக்கம் பேசுகிறது என்று பார்க்க வேண்டும்.